ஐம்பதாவது ஆள்

மழை பிடித்து நாலு நாளாகியிருந்தது. சலவைக்கடைக்காரர்களுக்கு மழை ஆகாது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. துணி காயாதே தவிர, வரும்போது மூட்டை மூட்டையாக வரும். அந்தத் தெருவில் அப்படி வருவதற்குத் தனியாக ஒரு காரணமும் இருந்தது. அந்த வட்டாரத்தில் இரண்டு கட்சிகள். ஒன்றுக்கு நங்கூரம் சின்னம், மற்றதற்குக் குடை. நங்கூரக் கட்சிக்காரர்கள் யாரும் மழையில் குடை பிடிக்க மாட்டார்கள். இந்த விதியை யார் போட்டது, எப்போது போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. கட்சிப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் எவ்வளவு கொட்டினாலும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே போவார்கள். வசதியுள்ளவர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொள்வார்கள். குடைக் கட்சிக்காரர்களோ வெயிலும் இல்லாத மழையும் இல்லாத நாளில்கூடக் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு திரிவார்கள். இரண்டு பக்கமும் வயது வந்தவர்கள்தான்.

சலவைக்கடைக்காரர் நங்கூரக் கட்சியின் கிளைச் செயலாளர். பதினெட்டு வருஷமாக அவர்தான். அதனால் அவரைத் தெருவே செயலாளர் என்றுதான் கூப்பிட்டது. குடைக் கட்சிக்காரர்களும் கூச்சமில்லாமல் அப்படியே கூப்பிட்டார்கள். "செயலாளரே, காலர்ல கறை போகல பாருங்க" என்பார்கள். அவர் மனைவி மட்டும் "ஏங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கடை சின்னதுதான். முன்னறையில் துணி வாங்கும் மேஜை, தேய்ப்பதற்கு இரண்டு பலகை, சுவர் முழுக்க அலமாரி. பின்னறையில் இரண்டு வாஷிங் மெஷின், தொட்டி, தகரக் கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கொடிகள். மாடியில் வீடு. தேய்ப்பது அவர் வேலை. துணியை எண்ணி வாங்குவது, பாக்கெட்டுகளைத் துழாவுவது, அடையாளம் போடுவது, மடிப்பது எல்லாம் மனைவியுடையது. ஒரு வீட்டுக்கு ஒரு எண். அந்த வீட்டிலிருந்து வரும் எல்லாத் துணியிலும், அப்பா சட்டையோ பிள்ளை பாவாடையோ, காலருக்குள்ளோ இடுப்புப் பட்டியிலோ அந்த எண்ணைச் சிவப்பு நூலால் தைத்துவிடுவார். பாக்கெட்டில் கிடைப்பதை ஒரு கவரில் போட்டு, மேலே எண்ணை எழுதி, சலவையானதும் மூட்டையோடு ஊசி குத்திக் கொடுப்பார். பஸ் டிக்கெட், பொத்தான், மருந்துச் சீட்டு, ஒரு தடவை கீழ்வரிசைப் பல்செட்டுகூட அந்தக் கவரில் போயிருக்கிறது. "பாக்கெட்டைப் பாத்துக் குடுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது செயலாளரின் வழக்கம். கட்சிக் கூட்டத்தில் பேசுகிற குரலிலேயே அதையும் சொல்வார்.

அந்த வருஷம் உறுப்பினர் சேர்க்கையில் மேலிடம் இரண்டு புது விதி கொண்டுவந்தது. ஐம்பது பேர் இல்லாத கிளையைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். அது முதல் விதி. கட்சியில் சேர்ந்த காரணத்தை ஒவ்வொருவரும் படிவத்தில் தன் கைப்பட எழுத வேண்டும், அது இரண்டாவது. இதுவரைக்கும் எல்லாருடைய படிவத்தையும் செயலாளரே ஒரே மூச்சில் எழுதிவிடுவார். காரணம் என்ற இடத்தில் ஐம்பது பேருக்கும் "கொள்கைப் பிடிப்பு" என்றுதான் இருக்கும். இனி அந்த வசதி கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை வரை நாற்பத்தொன்பது படிவம் வந்து சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செயலாளர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னங்க, யாராவது எழுதாம விட்டுட்டாங்களா?" என்று மனைவி கேட்டார்.

"எழுதியிருக்காங்க. அதான் பிரச்சினை. கேளு. பூட்டு ரிப்பேர் பண்றவரு: 'என் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் இவர்கள்தான்.' சரி, இதாவது பரவால்ல. பேக்கரிக்காரரு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'எதிர்க்கடைக்காரன் குடைக் கட்சி.' அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வேற."

மனைவி மடித்துக்கொண்டிருந்த போர்வையில் முகத்தை வைத்துச் சிரித்தார். "இன்னும் படிங்க."

"தபால்காரரு. 'கூட்டத்தில் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.' டீச்சரம்மா. 'என் மாமியாருக்குப் பிடிக்காத கட்சி இது.' இந்தத் தையல்காரரு பாரு. 'செயலாளர் என் சட்டையை நன்றாகத் தேய்ப்பார், அவர் மனம் நோகக் கூடாது.' இதெல்லாம் மேலிடத்துக்குப் போனா என்ன நினைப்பாங்க? ஒருத்தராவது கொள்கைன்னு எழுதினாங்களா?"

"எனக்கு என்னவோ இப்பதான் இந்தக் கட்சில யாரு யாரு இருக்காங்கன்னு தெரியுது" என்றார் மனைவி.

அப்போது மைத்துனர் உள்ளே வந்தார். மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவர், பச்சைத் தண்ணீர் குடிக்கும்போதுகூடக் குடைக் கட்சிக்காரர். வாசலில் குடையை மூன்று தடவை தேவைக்கு அதிகமாகவே உதறிவிட்டு, மாமா பார்க்கிற மாதிரி மாட்டினார். சீருடையைத் தேய்க்கப் போட வந்தால் அக்கா கையால் ஒரு ஆம்லெட்டாவது சாப்பிடாமல் போக மாட்டார்.

"மாமா, காரணம் காரணம்னு அடிச்சுக்கிறீங்க. நான் ஏன் குடைக் கட்சின்னு கேட்டிருக்கீங்களா?"

"உனக்கு என்ன மாப்ள காரணம் வேணும், என்னை எதிர்க்கணும். அதுக்காகச் சேந்த."

"அது அப்புறம் வந்தது. வேலைல சேந்த புதுசுல காலைல அஞ்சு மணிக்கு முதல் வண்டி எனக்கு. நாலரைக்கு டிப்போவுக்கு நடந்து போகணும். வழியெல்லாம் நாய். பத்து நாள் செத்துப் பொழச்சேன். ஒருத்தரு தினமும் கூட வந்து டிப்போ வாசல் வரைக்கும் விட்டுட்டுப் போனாரு. குடைக் கட்சிக்காரரு. அவருக்குத் தூக்கம் வராது, அது வேற விஷயம். ஆனா வந்தாரா இல்லையா? கையில குடை. நாய்க்கு அது போதும்."

"இது ஒரு கொள்கையா?"

"ரெண்டு வருஷம் மாமா. ஒரு நாள் தவறல. நீங்க வேணா வேற பேரு வெச்சுக்கங்க."

செயலாளர் படிவங்களைத் தட்டி அடுக்கினார். கடைசியில் எழுதாத ஒரு படிவம் இருந்தது. அதை மனைவி பக்கமாகத் தள்ளினார். "உன்னோடது. ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. ஐம்பது ஆயிடும்."

மனைவி அதை எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். பிறகு திரும்ப மேஜையில் வைத்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

செயலாளருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? பதினெட்டு வருஷமா நீ உறுப்பினர்."

"அப்படியா? நான் எப்பச் சேந்தேன்?"

மைத்துனர் ஆம்லெட்டை இரண்டே வாயில் முடித்துக்கொண்டு எழுந்தார். நல்ல டிரைவருக்கு எங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்று தெரியும்.

அன்று முழுக்கச் செயலாளருக்கு வேலை ஓடவில்லை. கிளை போய்விட்டால் பக்கத்துக் கிளையோடு, அதாவது மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரரின் கிளையோடு சேர்க்க வேண்டியதுதான். கண்ணாடிக்கடைக்காரர் தங்கமான மனிதர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது, திட்டுவதற்கும் ஆளில்லை. பதினெட்டு வருஷம் செயலாளராக இருந்தவர் திங்கட்கிழமையிலிருந்து வெறும் சலவைக்காரர். புதிதாக ஆள் பிடிக்கலாம் என்றால் மிச்சமிருந்தவர்கள் அத்தனை பேரும் கக்கத்தில் குடை வைத்திருந்தார்கள். சாயங்காலம் மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். துணி எழுதும் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, மனைவியின் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தப் படிவத்தை நிரப்பினார். காரணம்: "என் கணவர் காட்டிய வழி." எழுதி முடித்தபோது வேர்த்துவிட்டது. மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தார். பிறகு தபால்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டையைக் கொடுக்கப் போய், குடையில்லாமல் நனைந்து வந்து, சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் எறிந்தார்.

ஊருக்கெல்லாம் பாக்கெட்டைப் பார்க்கச் சொன்னவர் தன் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. தன் துணியை மனைவிதான் பார்ப்பார் என்ற முப்பது வருஷப் பழக்கம்.

சனிக்கிழமை காலை அவர் முன்னறைக்கு வந்தபோது மனைவி தேய்ப்புப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு மெல்லிய துணியை விரித்து, அதன் மேல் சூடு குறைந்த இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினார். துணியை எடுத்தார். கீழே படிவம். காய்ந்து, சுருக்கமில்லாமல், அச்சிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அதை ஒரு கவரில் போட்டு மேலே ஒன்று என்று எழுதினார். ஒன்றாம் எண் அவர்கள் வீட்டு எண். கவரை மேஜை மேல் வைத்தார்.

"பாக்கெட்ல இருந்துச்சு. உங்களோடதுதானான்னு பாத்துக்கங்க."

செயலாளர் அசடு வழிந்தார். என்னென்னவோ சொல்லப் பார்த்தார். கடைசியில், "நேரமில்ல, அதான்" என்றார்.

"என் கையெழுத்து நல்லா வந்திருக்கு. நானே ஒரு நிமிஷம் எப்ப எழுதினோம்னு யோசிச்சேன். ஆனா காரணம்தான் எனக்குத் தெரியாத காரணமா இருக்கு."

"நம்ம வீடு ஒரே கட்சின்னு நெனச்சேன். தப்பா?"

"வீட்டுக்கு ஒரு நம்பர் போடுறது துணிக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தொட்டியில் என்ன துணி ஊறுகிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அதனால்தான் அவருக்கு உறைத்தது. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு ரொட்டியை வாட்டி, மேலே வெண்ணெய் தடவி அவர் பக்கம் வைத்தார். சண்டையென்றால் சாப்பாட்டை நிறுத்துகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"சரி, நீங்க ஏன் சேந்தீங்க? அதச் சொல்லுங்க. மைதானத்துல விலைவாசிப் பேச்சக் கேட்டு ரத்தம் கொதிச்சதுன்னு சொல்லாதீங்க. அந்தக் கூட்டத்துக்கு நீங்க போகல. அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்னு உங்க அம்மா சொல்லியிருக்காங்க."

செயலாளர் ரொட்டியைப் பிய்த்தார். மேடையில் ஆயிரம் தடவை சொன்ன கதை இப்படிப் பொசுக்கென்று போகும் என்று அவர் நினைத்ததில்லை.

"ஆஸ்பத்திரிச் சலவையில இருந்தேன் இல்ல, உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடி. காலைல போனா சாயங்காலம் வரைக்கும் பெட்ஷீட்டு. ஆவியில பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. யாரும் பேசமாட்டாங்க. பேசினாலும் மெஷின் சத்தத்துல கேக்காது. அங்க வெளித்துணியும் துவைப்பாங்க. ஒரு நாள் கட்சி ஆபீசுக்கு மேஜைத்துணி குடுக்கப் போனேன். உள்ள ஏதோ பேசிட்டிருந்தாங்க. துணிய வெச்சிட்டுத் திரும்பினா ஒருத்தர் நாற்காலிய இழுத்துப் போட்டு, உக்காருங்க, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னாரு."

"எதைப் பத்தி?"

"பொதுக்கூட்டம் சனிக்கிழமை வெக்கிறதா, ஞாயித்துக்கிழமை வெக்கிறதான்னு. நான் ஞாயித்துக்கிழமைன்னேன்."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமையே வெச்சாங்க."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. ஐம்பத்தெட்டு வயசு மனிதர், வாயில் ரொட்டியோடு. மனைவிக்கு அவர் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதை அவர் விடவில்லை.

"நல்ல காரணம். இதையே மேடையில சொல்லியிருக்கலாம். இப்ப என்னைப் பாருங்க. அந்த ஆபீசுக்கு இருபத்தாறு வருஷமா மேஜைத்துணி துவைச்சுக் குடுக்கிறது நான். ஒருத்தரும் எனக்கு நாற்காலி போட்டதில்ல. நீங்களும் போட்டதில்ல."

செயலாளர் எழுந்தார். துணி வாங்கும் மேஜைக்குப் பின்னாலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மனைவிக்கு முன்னால் வைத்தார். "உக்காரு. நீ என்ன நினைக்கிற?"

வேடிக்கைக்குச் செய்கிறாரோ என்று மனைவி அவரைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. மார்க்கெட்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது, மீன் விற்கிறவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்த பெஞ்சைப் பிடுங்கியது நங்கூரக் கட்சிதான், அங்கே சிலை வைக்கப்போகிறோம் என்றார்கள், சிலையும் வரவில்லை பெஞ்சும் வரவில்லை. தெருவிளக்கு விஷயத்தில் குடைக் கட்சி செய்தது சரி, அதைச் சரி என்று சொன்னால் யாருக்கும் வாய் வெந்துவிடாது. கூட்டத்தில் பேசுகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைவிட மைக்கைத்தான் அதிகமாகப் பார்க்கிறார்கள். "நீங்களும்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார். செயலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். இந்தக் கடையில் தனக்குப் பக்கத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்த ஆளுக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவருக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவரே கெடுத்துக்கொண்டார்.

"அப்ப கையெழுத்துப் போடுறியா?"

மனைவி எழுந்துவிட்டார். "பாத்தீங்களா. எண்ணிக்கைக்குத்தான் கேட்டிருக்கீங்க."

"இல்லம்மா, நாளைக்குக் கூட்டம்..."

"ஐம்பதாவது ஆளா நான் வரமாட்டேன். எப்பவாவது வந்தா ஒரு ஆளா வரேன். நீங்க அந்தக் கவரை என்ன வேணா செய்யுங்க. கையெழுத்து என் மாதிரியே இருக்கு, யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான் காட்டிக் குடுக்கவும் மாட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கொடியில் ஈரம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. நூலகத்துக் கூடத்தில் கூட்டம். நங்கூரக் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் தலையைத் துவட்டினார்கள். கூடம் முழுக்க ஈரத்துணி வாசனை. மாவட்டத்திலிருந்து வந்த பொறுப்பாளர் மழைக்கோட்டைக் கழற்றி மாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிளையின் செயலாளர் என்ற முறையில் கண்ணாடிக்கடைக்காரர் ஓரமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருந்தார். மேஜைத்துணி காயாததால் மனைவி அதைக் கடையிலேயே தேய்த்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு கடைசியில்தான் வந்தார். வந்தவர் உள்ளே போகாமல் கதவோரம் நின்றார், பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

பொறுப்பாளர் பேனாவைத் திறந்தார். "செயலாளரே, எவ்வளவு?"

"ஐம்பது இருக்கும். எப்பவும் இருக்குமே" என்றார் பேக்கரிக்காரர்.

செயலாளர் படிவக் கட்டை மேஜையில் வைத்தார். அவர் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. கவர் அங்கேதான் இருந்தது. வெளியே எடுத்தார். கூடமே அவரைப் பார்த்தது.

"ஒண்ணு ரெண்டு குறைஞ்சாலும் கவலைப்படாதீங்க" என்றார் பொறுப்பாளர். நல்ல மனசோடுதான் சொன்னார். "வீட்ல அம்மா இருப்பாங்க, பிள்ளைங்க இருக்கும். இங்கேயே எழுதிக்கலாம். பதினெட்டு வருஷத்துக் கிளை. இதுக்காக மூடிட முடியுமா?"

செயலாளர் கவரைப் பார்த்தார். மேலே மனைவி எழுதிய ஒன்று என்ற எண். அதை நாலாகக் கிழித்துத் திரும்பப் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

"நாற்பத்தொன்பது" என்றார்.

"வீட்ல?"

"வீட்ல இருக்காங்க. அவங்க இன்னும் முடிவு பண்ணல."

டீச்சரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், யாரை நினைத்தோ. பொறுப்பாளர் பெருமூச்சு விட்டு நாற்பத்தொன்பது என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். கிளை அங்கேயே முடிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து வந்து செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார், இறந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி. திரும்பியபோதுதான் செயலாளர், கதவோரம் மேஜைத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார்.

இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். மனைவி குடை பிடித்திருந்தார். எப்போதும் பிடிப்பவர்தான்.

"குடைக்குள்ள வாங்க. சளி பிடிக்கும்."

"நான் இன்னும் கட்சிலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஓரமாக நனைந்துகொண்டே வந்தார். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து தலை துவட்டி, சூடாக மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கினார். பதவி போன துக்கத்தில் தூக்கம் வராது என்று எதிர்பார்த்துப் படுத்தவர், குறட்டை விட்டார்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. விடிந்ததும் கொடியெல்லாம் வெளியே போயிற்று. "செயலாளரே, என் கோட்டு ரெடியா?" என்று தபால்காரர் வாசலிலிருந்தே கேட்டார். ஊர் வாய் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? செயலாளரும் ரெடி என்று கோட்டை எடுத்து நீட்டினார். இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே அவர் முணுமுணுத்த பாட்டு, பின்னறையில் இருந்த மனைவிக்குக் கேட்டது.

பத்து மணிவாக்கில் மனைவி, கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு மூட்டையைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடையில் மூட்டையை வைத்துவிட்டு நின்றார்.

"வேற ஏதாவது வேணுமாம்மா?"

"உறுப்பினர் படிவம் ஒண்ணு குடுங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செயலாளர் அனுப்பிச்சாரா?"

"அவருக்குத் தெரியாது."

"நேத்தே குடுத்திருந்தா அவரு கிளை நின்னிருக்குமேம்மா. இப்ப ரெண்டும் சேந்து எங்ககிட்ட நூத்தியேழு பேரு. இனிமே எண்ணிக்கைக்கு ஒண்ணும் அவசரமில்லையே."

"அதனாலதான் இன்னிக்கு வந்தேன்."

அவர் வாடிக்கையாளர்களுக்குப் போடும் நாற்காலியை நகர்த்தி, படிவத்தையும் பேனாவையும் கொடுத்தார். மனைவி உட்கார்ந்தார். பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் தன் சாய்ந்த கையெழுத்தில் நிரப்பினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிறுத்தாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, நீட்டினார்.

கண்ணாடிக்கடைக்காரர் அலமாரியிலிருந்த கண்ணாடிகளில் ஏதோ ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஐம்பது என்று சொல்லியிருக்கலாம். அவர் நாற்பத்தொன்பது என்று சொன்னார்."